மூன்று டெசிபல்

இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் தொலைபேசி இணைப்பில் மூன்றாவது ஒருவர் ரிசீவரை எடுத்தால் ஒலி இறங்கும். ஏறக்குறைய மூன்று டெசிபல். பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. நான் கவனிப்பேன். தொலைபேசி இணைப்புகளைச் சோதிப்பது என் தொழில். அந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பே அம்மாவிடமிருந்து அதைத் தெரிந்துகொண்டேன்.

அம்மா இறந்து ஆறு வாரம் ஆகிறது. சபைப் பத்திரிகைக்கு அரைப்பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். மாதிரிக்கு ஒன்றையும் கொடுத்தார். ஜெப வீராங்கனை, அன்பின் ஊற்று, எல்லாம் அதில் இருந்தது. பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அம்மா படுக்கையில் இருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"நல்ல பொம்பளைன்னு மட்டும் எழுதிடாதடி. என்கூட வேலை பாத்தவங்க படிச்சா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நடந்ததை எழுது."

நடந்தது அரைப்பக்கத்தில் அடங்கவில்லை.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். முப்பத்தொரு வருடம். அப்பா அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டினார். எனக்கு ஆறு வயதில் அவர் இறந்துபோனார். அதன் பிறகு அம்மாவுக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. ஒரு மேசை விசிறி, ஒரு நாற்காலி, எதிரே ஒரு பலகை. பலகையில் நூற்றிருபது துளைகள். ஒவ்வொரு துளைக்கு மேலும் கடுகளவு விளக்கு. ஏதாவது வார்டில் போனை எடுத்தால் விளக்கு எரியும். அம்மா ஒயரைச் செருகி, "ஆபரேட்டர்" என்பாள். யார் வேண்டுமென்று கேட்டு, ஒயரின் மறுமுனையை அந்தத் துளையில் செருகி மணி அடிப்பாள். அவர்கள் பேசத் தொடங்கியதும் தன் சுவிட்சை நடுவில் தள்ளிவிட வேண்டும். நடுவில் இருந்தால் அவளுக்குக் கேட்காது. தன் பக்கம் இழுத்தால் கேட்கும்.

இழுக்க அனுமதி உண்டு. பேச்சு முடிந்தால் விளக்கு அணைய வேண்டும். ஆனால் பாதி விளக்குகள் பழுது. ஆகவே அவ்வப்போது சுவிட்சை இழுத்து, முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டு விநாடி. விதி அப்படித்தான் சொன்னது.

அம்மா கெட்டது அந்த இரண்டு விநாடியில்தான். ஜன்னல் இல்லாத அறையில் எட்டு மணி நேரம். வீட்டில் பேசப் புருஷன் இல்லை. இரண்டு விநாடி பத்தாயிற்று, பத்து ஐந்து நிமிடமாயிற்று. எந்த டாக்டருக்கு எந்த நர்ஸைக் கண்டால் ஆகாது, யார் வீட்டில் மாமியார் கொடுமை, யார் மகன் பரீட்சையில் கோட்டை விட்டான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ.

"ரேடியோ அக்கா, இன்னிக்கு முக்கியச் செய்தி என்ன?" என்று துணி வெளுக்கிற பிரிவில் இருக்கும் பெண்கள் கேட்பார்கள்.

"தலைப்பு மட்டும்தான் சொல்வேன். விவரம் நாளைக்கு."

வீட்டில் விவரம் எனக்குக் கிடைத்தது. மாலை ஆறரைக்கு வருவாள். சாப்பிடும்போது சொல்லுவாள். ஆள் ஆளாகக் குரல் மாற்றிச் சொல்லுவாள். கண் டாக்டர் மூக்கால் பேசுவது, சமையல்கட்டு மேற்பார்வையாளர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "புரியுதா, புரியுதா" என்பது. நான் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்புறம் என்னாச்சும்மா?" என்பேன். நான்தான் கேட்டேன். இதைச் செயலாளரின் அரைப்பக்கத்தில் எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவோம். மூன்றாவது பெஞ்சு. தலையில் முக்காடு, கையில் பைபிள். பாவ அறிக்கை ஜெபத்தில் அம்மாவின் குரல் மற்றவர்களைவிட உரக்கக் கேட்கும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சுவிட்சை இழுப்பாள்.

ஒருமுறை தலைமை மருத்துவர் பேச்சை நிறுத்தி, "யாரோ லைன்ல மூச்சு விடுறாங்களே" என்றாராம். அம்மா வெலவெலத்துப்போனாள். அடுத்த நாளே வழி கண்டுபிடித்தாள். அவள் தலையில் மாட்டும் கருவியில் வாய்க்கு நேரே ஒரு கிண்ணி இருக்கும். அதன் மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு வில்லை, பெரிய மாத்திரை மாதிரி. குரலை மின்சாரமாக்குவது அதுதான். அதை எடுத்துவிட்டால் நமக்குக் கேட்கும், நம் மூச்சு யாருக்கும் கேட்காது. வில்லையை மடியில் வைத்துக்கொள்வாள். அடுத்த விளக்கு எரிந்தால் மூன்று விநாடியில் திரும்ப மாட்டிவிடுவாள். பயிற்சி.

எனக்குப் பதினாறு வயது. ஒரு வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். எக்ஸ்ரே எடுப்பவர் தனக்கு நிச்சயித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். கல்யாணம் வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவின் வில்லை மடியில். நாலாம் வார்டு விளக்கு எரிந்தது. பெண் காரணம் சொல்லும் இடம். அம்மா ஒரு கணம் தாமதித்தாள். விளக்கு அணைந்து எரிந்து, அணைந்து எரிந்தது. வார்டில் போனைத் தட்டுகிறார்கள். அம்மா பதறி எழுந்து ஒயரைச் செருகினாள். மடியிலிருந்த வில்லை உருண்டது.

"ஆபரேட்டர், மூச்சு நிக்குது. மயக்க மருந்து டாக்டர் எங்க இருந்தாலும் பிடிச்சுக் கொடுங்க. ஹலோ? இருக்கீங்களா? ஹலோ!"

நாலாம் வார்டு நர்ஸ். அம்மா, "இதோ சிஸ்டர், இதோ சிஸ்டர்" என்று கத்தினாள். ஜன்னல் இல்லாத அறை முழுக்கக் கேட்டது. கம்பிக்குள் போகவில்லை. நர்ஸ் போனை வைத்துவிட்டாள்.

அம்மா மூன்று இடங்களுக்கு மணி அடித்தாள். டாக்டர் அறை, ஆபரேஷன் தியேட்டர், கேன்டீன். மூன்று இடத்திலும் யாரோ எடுத்து, ஹலோ ஹலோ என்று சொல்லி, எரிச்சலில் வைத்தார்கள். பலகையை மாறி மாறிப் பார்க்கும் இன்னொரு ஆபரேட்டர் அன்றைக்கு விடுப்பு. அவள் கருவி அவளுடைய அலமாரியில், பூட்டில். அம்மா மண்டிபோட்டுப் பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஒட்டடை, பழைய ஒயர்த் துண்டு, பல்லி முட்டை. வில்லை கையில் அகப்பட்டு, மாட்டி, மறுபடி டாக்டரைத் தேடுவதற்குள் நாலு நிமிடம்.

அதற்குள் நர்ஸ் நோயாளியை ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடியிருந்தாள். கீழே வராந்தாவில் டாக்டர் வந்துகொண்டிருந்தார். நோயாளி பிழைத்தார். அதில் அம்மாவின் பங்கு ஒன்றும் இல்லை.

ஆனால் விசாரணை வந்தது. மூச்சு நிற்கிற நோயாளியை விட்டு நர்ஸ் ஏன் வார்டை விட்டுப் போனாள்? போன் வேலை செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். டெலிபோன் மெக்கானிக் வந்து பார்த்தார். நாலாம் வார்டு இணைப்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு தாள்களும் ஒரே கோப்பில். பொய் சொன்னதற்கும் சேர்த்து நர்ஸை வேலையைவிட்டு எடுப்பதாகப் பேச்சு.

இதுவும் அம்மாவுக்குச் சுவிட்சை இழுத்துத்தான் தெரிந்தது.

நான்கு நாள் அவள் சாப்பாட்டு நேரத்தில் கதை சொல்லவில்லை. நானும் "அப்புறம்" என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாவ அறிக்கை வந்தபோது வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை நேரே நாலாம் வார்டுக்குப் போனாள். இது அம்மா சொல்லித் தெரிந்தது. நர்ஸ் மருந்துத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாளாம்.

"சிஸ்டர், உங்க போன் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் ஊமையா இருந்தேன்." வில்லையைக் கழற்றிக் காட்டினாள்.

நர்ஸ் வில்லையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "நாலு நாளா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு நினைச்சிட்டு இருந்தேன், தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"தெரியும். நீங்க உங்க அம்மாகிட்ட போன்ல அழுததும் கேட்டேன்."

"அதையுமா!"

அம்மா தலை குனிந்தாள். நர்ஸ் அறைவாள் என்று எதிர்பார்த்தாளாம். நர்ஸ் தட்டைக் கீழே வைத்தாள்.

"வாங்க, மேல போலாம். தனியாப் போனீங்கன்னா பாதிப் படியில திரும்பிடுவீங்க. நானும் வரேன்."

தலைமை மருத்துவர் அறையில் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். "அந்த மூச்சும் என்னோடதுதான் சார்" என்றும் சொன்னாள். அவர் உடனே வேலைநீக்கம் என்றார். நர்ஸ்தான் குறுக்கே பேசினாள்: "சார், நான் எழுதுனது பொய் இல்லைன்னு ஆயிடுச்சு. எனக்கு அது போதும். இவங்க வந்து சொல்லலைன்னா உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." கடைசியில் ஒரு மாதம் இடைநீக்கம், சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மை. வேலை போகாததற்கு, அந்த நூற்றிருபது துளையும் அவள் அளவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

நர்ஸ் கூட வந்ததைப் பற்றி அம்மா கடைசிவரை பேசினாள். கிருபை என்ற வார்த்தையைப் பிறந்ததிலிருந்து பாடியிருக்கிறேன், அன்றைக்குத்தான் அது என்னோடு படி ஏறியது என்பாள்.

இத்தோடு முடிந்திருந்தால் சபையில் எழுந்து சாட்சி சொல்ல வசதியாக இருக்கும். முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து அதே நாற்காலி, அதே சுவிட்ச். பாதி விளக்குகள் இன்னும் பழுது. மூன்றாம் நாள் சுவிட்சை இழுத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"மறுபடியும் கேட்டேன்டி."

"யாரு பேசினா?" என்று என் வாயில் வந்தது. விழுங்கினேன்.

அம்மா திருந்தியதில் எனக்கு நட்டம். சாப்பாட்டு நேரம் மௌனமாகிவிட்டது. ரசத்தில் உப்பு குறைவு, நாளைக்கு மழை வரும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில், "ரேடியோ ரிப்பேராமே?" என்றார்கள். "ஸ்டேஷன் கிடைக்கல" என்பாள் அம்மா. மதியச் சாப்பாட்டுக்கு அவளோடு உட்கார ஆள் குறைந்தது.

அடுத்த வருடம் நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். அம்மாவின் சிக்கலை மின்சாரச் சிக்கலாகப் பார்த்தேன். சுவிட்சைத் தன் பக்கம் இழுத்து ஐந்து விநாடிக்கு மேல் வைத்தால் பீப் அடிக்கும் ஒரு சின்னக் கருவி செய்தேன். ஆஸ்பத்திரி டெலிபோன் மெக்கானிக் மாமா பலகைக்குப் பின்னால் அதை மாட்டித் தந்தார்.

"உங்க அம்மா மாதிரி நாலு பேரு கிளம்புனா நாட்டுல நமக்கு வேலை ஓயாது, பாப்பா. எல்லாரும் சுவிட்சுக்குப் பூட்டுப் போடச் சொல்வாங்க" என்றார்.

ஐந்தாம் நாள் அம்மா வந்து, "உன் மிஷினை ஜெயிச்சிட்டேன்" என்றாள். குரலில் பெருமை இல்லை. "ஸ்பிரிங் நடுவுல பேப்பரை மடிச்சு வச்சா சத்தம் வரல." காகிதம் மடித்து வைத்த அதே கையால் அதை எடுத்து என்னிடம் கொடுத்தாள். சபை அறிக்கைத் தாளின் ஒரு மூலை.

"வேற மாதிரி செஞ்சு தரேன்மா."

"வேண்டாம். அதையும் ஜெயிப்பேன். கழட்டிடு."

போதகரிடம் போனாள். நானும் கூட இருந்தேன். அவர் சபைக் கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார், ஏணியில், தலையில் துண்டு.

"ஐயா, மன்னிப்புக் கேட்டாச்சு. கிடைச்சதும் தெரியும். அப்புறம் ஏன் கை போகுது?"

அவர் இறங்கவில்லை. "எனக்குக் கோபம் வரும், தெரியும்ல? இந்த வாளியைக் காலையில ஒரு தடவை எட்டி உதைச்சேன். முப்பது வருஷமா ஜெபம் பண்றேன்."

"அப்போ போகவே போகாதா?"

"தெரியலம்மா. தெரியும்னு சொன்னா பொய். ஆனா ஒவ்வொரு தடவையும் வாளியை எடுத்து நிறுத்திட்டு ஆண்டவர்கிட்டத்தான் போறேன். இதுவரைக்கும் அவர் கதவைச் சாத்தல."

அம்மாவுக்கு ஏமாற்றம். வரும் வழியில், "மனுஷன் ஏணியை விட்டு இறங்கக்கூட இல்லை" என்றாள். பிறகு தெருமுனையில் நின்று, "கதவைச் சாத்தல, சரிதான்" என்று தனக்குத்தானே சொன்னாள்.

அதன் பிறகு அவள் செய்தது இதுதான். இரண்டு பேரை இணைத்ததும் சுவிட்சை நடுவில் தள்ளுவாள். கை திரும்பப் போகும். கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்காருவாள். "ஆண்டவரே, இவங்க என்ன பேசுறாங்கன்னு எனக்குத் தெரியாது. நீர் கேட்டுக்கும். நல்லபடியா பாத்துக்கும்." அவ்வளவுதான். இரண்டு விநாடிதான் ஆகும். அடுத்த இணைப்புக்கு மறுபடி.

ஒரு நாளைக்கு இருநூறு இணைப்பு. எல்லாவற்றுக்கும் அவள் ஜெபம் செய்யவில்லை. கை போனபோது மட்டும். முதல் வருடத்தில் கை போகாத இணைப்பே இல்லை என்றாள். வீட்டுக்கு வரும்போது சுமை தூக்கியவள் மாதிரி வருவாள். படுத்தால் எழ மாட்டாள். ஒருநாள் நான் பொறுக்காமல், "இதுக்குக் கேட்டுட்டே போயிடலாம்மா, யாருக்கு நட்டம்?" என்றேன். நாலாம் வார்டு சம்பவம் நடந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இந்த ஆறு வாரமாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

விழுந்தாள். பல தடவை சுவிட்சை மறுபடி இழுத்தாள். விழுந்த நாளில் என்னிடம் சொல்லிவிடுவாள். யார், என்ன என்று மட்டும் சொல்ல மாட்டாள். மூன்று மாதம் விழாமல் இருந்து, வேலை குறைந்த ஒரு மத்தியானம் காரணமே இல்லாமல் பத்து நிமிடம் கேட்டாள். எழுந்தாள். நாலாம் வார்டு நர்ஸ் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது அம்மாவிடம், "இப்ப எப்படி இருக்கீங்க?" என்றாளாம். "இன்னிக்கு இதுவரைக்கும் இழுக்கல" என்றாளாம் அம்மா. "என் குடும்பக் கதை தெரியாம உங்களுக்குப் பொழுது போகுதா?" என்று நர்ஸ் சிரித்தாளாம்.

வருடங்கள் அப்படியே போயின. வில்லையைக் கழற்றுவது முதலில் நின்றது. பிறகு கை போவது குறைந்தது. நின்றுவிட்டதா என்று நான் கேட்டதற்கு, "களைச்சுப் போயிருக்கு. செத்துப்போகல" என்றாள். கடைசி ஏழு வருடம் விழவில்லை. அதைச் சொல்லவும் அவளுக்குத் தயக்கம். தன்னால் ஆனது என்று யாராவது நினைத்துவிடுவார்கள் என்று.

அவள் ஓய்வு பெற்ற மாதம் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. பலகையைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்த எக்ஸ்ரேக்காரருக்குக் கல்யாணம் ஆச்சாம்மா?" என்று கேட்டேன். "கேக்கலடி" என்றாள்.

போன வருடம் அவளுக்கு வயிற்றில் வலி. ஸ்கேன், பிறகு ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை. முடிவை முதலில் என்னிடம் சொல்லும்படி டாக்டரைக் கேட்டுக்கொண்டேன். நல்லதாக இருந்தால் அம்மாவிடம் சொல்வது, இல்லாவிட்டால் மறைப்பது என்பது என் திட்டம். என் வீட்டில் ஹாலில் ஒரு போன். எழுந்து வர முடியாதென்று அம்மாவின் அறையில் இன்னொரு போன் வைத்திருந்தேன். ஒரே இணைப்பு. நான்தான் ஒயர் இழுத்தேன்.

காலை பதினொன்றரைக்கு மணி அடித்தது. இரண்டு போனும் அடித்தன. ஹாலில் எடுத்தேன். டாக்டர்தான்.

அவர் பேசத் தொடங்கியதும் என் காது போனது அவர் சொல்வதில் அல்ல. ஒலி இறங்குகிறதா என்று கவனித்தேன். அம்மாவின் கட்டிலுக்கும் அந்த ரிசீவருக்கும் ஒரு கை தூரம். அவள் உயிர் பற்றிய செய்தி. யாராக இருந்தாலும் எடுப்பார்கள். எடுக்க அவளுக்கு உரிமையும் உண்டு. கல்லீரல் என்றார். பரவியிருக்கிறது என்றார். மாதக்கணக்கு என்றார். நான் கேள்விகள் கேட்டேன். பேச்சு முழுக்க ஒலி அதே அளவில் இருந்தது.

போனை வைத்தேன். முகம் கழுவினேன். உள்ளே போனேன். அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வலதுகை தொடைக்கு அடியில். நெற்றியில் வியர்வை.

"யாருடி?"

"ஆபீஸ்மா."

"ஆபீஸ்னா ஒரு நிமிஷத்துல கத்திட்டு வச்சிடுவே. இது ஏழு நிமிஷம்."

நான் போனைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"எடுக்கலடி."

"தெரியும். ஒலி இறங்கல."

"ஓ, நீ என்னைச் சோதனை பண்ணிட்டு இருந்தியா?" சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்தது. அடங்கியதும் சொன்னாள்: "செத்துப்போகலன்னு சொன்னேன்ல, அது இன்னிக்கு எழுந்து உட்காந்துடுச்சு. இத்தனை வருஷத்துல இப்படிக் கை போனதே இல்ல. ரெண்டு தடவை ரிசீவரைத் தொட்டுட்டேன்."

"எடுத்திருக்கலாமேம்மா. உன்னைப் பத்தித்தானே."

"உனக்குச் சொல்லணும்னு அவர் பேசுறாரு. எனக்குச் சொல்லணும்னு நீ வரணும். நடுவுல நான் திருடுனா நீ எப்படி என்கிட்ட சொல்வே?" மூச்சு வாங்கினாள். "பழைய ஜெபத்தையே சொல்லிட்டு இருந்தேன். ரெண்டு பேரு பேசுறாங்க, என்னன்னு எனக்குத் தெரியாது, நீர் கேட்டுக்கும். அதுல ஒருத்தி என் பொண்ணு, அவளைக் கொஞ்சம் பாத்துக்கும்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒன்றுமில்லை, சாதாரணப் புண் என்று சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அது வரவில்லை.

"உட்காரு," என்றாள். "இப்ப சொல்லு. முழுசாச் சொல்லு."

கட்டிலில் உட்கார்ந்து சொன்னேன். கல்லீரல், பரவியது, மாதங்கள். தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துக் கேட்டாள், கருவி மாட்டியிருந்த காலத்தில் உட்காருவது போல.  

நான் முடித்ததும் தொடைக்கு அடியிலிருந்து கையை மெல்ல இழுத்தாள். விரல்கள் வெளுத்து, கோடு கோடாகப் பதிந்திருந்தன.

"மரத்துப்போச்சு. கொஞ்சம் தேய்ச்சு விடு."

ரத்தம் திரும்பி வரும் வரை தேய்த்தேன்.